பதினோரு காய்ச்சல்

என் மாமா ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை நீராவி மெஷினில் தேய்ப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அதே மெஷின். அங்கே அவர் பெயர் 'காய்ச்சல்'. விடுப்புச் சீட்டில் காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதுவார். தொழிலாளிக்கே உடம்பு முடியாவிட்டால் மூன்று நாள் சம்பளம் உண்டு. வீட்டில் யாருக்கோ என்றால் கிடையாது. திரும்பி வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் அவர் நெற்றியில் புறங்கையை வைத்து, "என்னய்யா, மெஷினே தேவல போலிருக்கே!" என்பார்.

இப்போது அத்தைக்குக் கருப்பை ஆபரேஷன். பிள்ளைகள் இல்லை. மாமாதான் பதினைந்து நாள் கூட இருக்க வேண்டும். எந்தக் காய்ச்சலும் அவ்வளவு நாள் தாங்காது.

அந்தச் சமயத்தில்தான் மாநிலச் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. வீட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு விடுப்பு. தொழிலாளிகள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்றது அதை ஆராயும் சட்டசபைக் குழு. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பேனா என் கைக்கு வந்தது.

"எத்தனை தடவை, யாருக்காக லீவு எடுத்தீங்க மாமா?"

"மொத்தம் பதினொண்ணு. அத்தனையும் பொய்ச் சீட்டு. எழுதினா வேலைக்கு வேட்டுடா."

"நான் சொல்றேன், எழுது" என்றாள் படுத்திருந்த அத்தை. "கல்யாணமான வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை. இவருக்குக் காய்ச்சல்!"

மாமா சிரித்துவிட்டார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் அப்பாவின் கடைசி மாதங்களுக்கு நான்கு. அத்தைக்கு ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று, தங்காமல் போன குழந்தைக்கு. அதைச் சொல்லிவிட்டு அத்தைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்.

"கணக்குல ரெண்டு குறையுதே மாமா."

"ஒண்ணு உங்கம்மா பிரசவம். நீ வர மாட்டேன்னு ரெண்டு நாள் அடம்பிடிச்சே. இன்னொண்ணு, காலேஜ் கடைசிப் பரீட்சைக்கு முன்னாடி உனக்கு அம்மை போட்டுச்சே, ரூம்ல யார் கூட இருந்தா?"

"அதுவும் காய்ச்சலா?"

"நீயே என் காய்ச்சல்தாண்டா மாப்ளே."

அடுத்த வரியை எழுத எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினொன்றையும் எழுதினேன். மாமா பெயரும் வேலையிடமும் போட்டுக் கையெழுத்திட்டார்.

மசோதா இன்னும் குழுவிலேயே கிடக்கிறது. ஆபரேஷன் காத்திருக்குமா? மறுவாரம் மாமாவோடு சலவைக்கூடத்துக்குப் போனேன். சீட்டில் 'மனைவிக்கு ஆபரேஷன்' என்று எழுதி நீட்டினார். மனு அனுப்பியதையும் மறைக்கவில்லை.

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். "யோவ், காய்ச்சல்னு போட்டா மூணு நாள் சம்பளமாவது வருமே!"

"வேணாம் சார். ஒரு தடவையாவது அவளுக்குன்னு சொல்லி லீவு எடுத்துக்கறேன்."

பழக்கதோஷம், சூப்பர்வைசரின் புறங்கை மாமாவின் நெற்றிக்குப் போனது. உடனே எடுக்கவில்லை.

"சம்பளம் என் கையில இல்ல. உன் இடம் இருக்கும், போய்ட்டு வா" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பதினோரு சீட்டுலயும் தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அதையும் அந்தக் குழுவுக்கு எழுதி அனுப்பிடு."