சர்க்கரை இல்லாத வாரம்

முன்னறையில் ‘ணங்’கென்று டம்ளர் சத்தம் கேட்டது. கைதவறி விழுந்த சத்தமில்லை. மாமா அதை மேசைமேல் ஓங்கிக் குத்தியிருந்தார்.

“எங்கே அந்த நிதி மந்திரி? வெளியே வரச் சொல்லு!”

உள்ளறையில் அவள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தாள். கல்லூரியில் பொருளாதாரம் எடுத்த நாளிலிருந்து அவளுக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் அது. “உப்பு விலை ஏறிடுச்சே, மந்திரி தூங்குறாங்களா?” என்று கேலி செய்வார்கள். அதிலே சத்தமாகச் சிரிப்பவர் இந்தத் தாய்மாமாதான். அப்பா போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவர். மளிகை மொத்த வியாபாரி.

“நான் சர்க்கரையைப் பதுக்கினேன்னு வகுப்புல சொன்னியாமே? என் கணக்குப்பிள்ளை பொண்ணு வந்து சொல்றா! சொந்த மாமன்தான் கிடைச்சானா உனக்கு?”

சொன்னது உண்மைதான். போன மாதச் சர்க்கரை விலையேற்றத்தைப் பற்றி அவள் கட்டுரை வாசித்தாள். சரக்கு இருந்தும் வியாபாரிகள் இல்லையென்றார்கள் என்ற வரி வந்ததும், “ஆதாரம்?” என்று நிறுத்தினார் பேராசிரியர். ஆதாரமில்லாமல் வாய் திறக்கக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே மண்டையில் ஏற்றியவர். பழக்க தோஷம், நாக்கு முந்திக்கொண்டது: “எங்க மாமா கிடங்கு, சார். சாப்பாடு கொண்டு போனப்போ பார்த்தேன். மூட்டை கூரையைத் தொட்டுச்சு.”

“நாளைக்கே எழுந்து நின்னு, சொன்னது பொய்னு சொல்லு. இல்ல, உன் படிப்பு இன்னியோட சரி.”

“சொல்ல மாட்டேன், மாமா. ஒரு வாரம் தெருவே சர்க்கரைக்குப் பையைத் தூக்கிட்டு அலைஞ்சுது. நீங்க விலை ஏறட்டும்னு பூட்டுப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க!”

“உன்னைப் படிக்க வச்சதே அந்தக் கிடங்குக் காசுடி!”

அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

மூலையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. அம்மா எழுந்து வந்தாள்.

“அந்த வாரம் உங்க கடை வரிசையில நானும் நின்னேன், அண்ணே. சர்க்கரை தீர்ந்துடுச்சுன்னு புது ஆள் திருப்பி அனுப்பிட்டான்.”

மாமா பதறிப்போனார். “நீயா? பைத்தியக்காரி! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மூட்டையே அனுப்பியிருப்பேனே!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“அப்போ இருந்திருக்கு,” என்றாள் அம்மா. கண்ணில் நீர் திரண்டது. குரல் மட்டும் உடையவில்லை. “இனி அவ படிப்பை இந்த மிஷின் பார்த்துக்கும். சொன்னதை அவ மாத்த மாட்டா.”

மாமா செருப்பை மாட்டினார். “நாளைக்கு என் வாசல்ல வந்து நிக்காதே!”

“அதான் ஏற்கெனவே நின்னுட்டேனே, அண்ணே.”

அவர் படியிறங்கியதும் அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.