சாந்து மிஷினில் உருட்டிய பாசி

அல் குசைஸில் ஒரு கிடங்கு, அஜ்மானில் மூன்று ஷட்டர் வைத்த கடை, அறந்தாங்கியில் மாடி எடுத்த வீடு இரண்டு, பல் டாக்டருக்குப் படித்த மகள் ஒருத்தி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் உண்டாக்கியது இவ்வளவும். விசாவுக்காக விற்ற இரண்டு மாட்டை அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டினார். அந்த இரண்டு மாட்டிலிருந்து எழும்பியதுதான் இத்தனையும் என்று இப்போது நான் சொல்லிக்காட்டலாம். கேட்கத்தான் அவர் இல்லை. ஹிந்தி, அரபி, மலையாளம், இங்கிலீஷ் நாலிலும் ஆயிரம் வரை எண்ணுவேன். நாலிலும் எழுத வராது. தமிழில் நான் எழுதுவதை என் மனைவி பிழை பார்த்துத் தருகிறாள், பத்தாவது பாஸ். முதல் பாராவைப் படித்துவிட்டு, "ரொம்ப அளக்காதீங்க" என்றாள். அளக்கவில்லை, அளவுதான் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதக் காரணம், நேற்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். நான் முதலில் வேலை பார்த்த பாசிமணிக் கடை ஹாஜியாரின் மகன் அனுப்பியது. ஹாஜியார் காலமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். மகன் புதிதாக ஒரு ஷோரூம் திறக்கிறான். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்கக் கடையின் சரித்திரம். கூடவே குரலும் அனுப்பியிருந்தான்: "அண்ணே, பாத்துச் சொல்லுங்க, அடுத்த வாரம் பிரிண்டுக்குப் போவுது." எழுத்தெல்லாம் இங்கிலீஷ், மகளைப் படிக்கச் சொன்னேன். 'மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் புகழ்பெற்ற மங்கல் பாசியை உருவாக்கியவர் எங்கள் தந்தை' என்று போட்டிருக்கிறதாம்.

மங்கல் பாசி என்றால் பளபளப்பு இல்லாத கண்ணாடிமணி. ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி, தொட்டால் மெத்தென்று இருக்கும். உருவாக்கியவர் ஹாஜியார் இல்லை. அது யார் என்று நான் சொல்ல இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன்.

படத்தைப் பார்த்ததும் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. கருவாடு, அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப், அதோடு ஏதோ ஒரு கொட்டையிலிருந்து எடுத்து ஆப்பிரிக்கப் பெண்கள் மேலுக்குப் பூசிக்கொள்ளும் வெண்ணெய். துபாய் தேராவில், நைஃப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்து முழுக்க அந்த வாசனைதான். கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வியாபாரப் பெண்கள் வருவார்கள். வரும்போது பையில் கருவாடு, போகும்போது பாசி, துணி, பாத்திரம். நான் பார்த்தவரை அவர்களை விடச் சாமர்த்தியமான வியாபாரி இந்த வளைகுடாவில் இல்லை, என்னைத் தவிர.

நான் சைட்டிலிருந்து கடைக்கு வந்தவன். மூன்று வருஷம் கொத்தனாருக்குக் கையாள். குசைஸ் கேம்ப், ஒரு ரூமில் பன்னிரண்டு கட்டில். ஹாஜியார் கீழக்கரைக்காரர். தன் கிடங்குக்குப் பூச்சுவேலைக்கு வந்த என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, மூட்டை தூக்குவியா?" என்றார். "சுவரையே தூக்குவேன் மொதலாளி" என்றேன். விசாவை மாற்றிக்கொண்டு கடைக்கு எடுத்துக்கொண்டார். லீவில் ஊருக்குப் போனபோது சேக்காளிகள், "துபாய்க்குப் போயி பாசிமணியாடா விக்கிறே?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பிறகு என்னிடம் விசா கேட்டார்கள். கொடுத்தேன்.

அஜோவா அம்மா கானாக்காரர். திங்கட்கிழமை பிறந்த பெண்ணுக்கு அங்கே அந்தப் பெயராம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு சரத்தைத் தூக்கிக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். பாசியைக் காதால் பார்க்கிற ஆளை அதுவரை நான் கண்டதில்லை. கேட்டேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் இரண்டுமே நொண்டி. அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். "இது இடுப்புல கட்டுறதுடா மகனே. நடந்தா சத்தம் வரணும். கட்டினவளுக்குக் கேக்கணும், அவ புருஷனுக்குக் கேக்கணும். மத்தவனுக்குக் கேட்டா பாசி சரியில்லை." இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் என் மனைவி. இருக்கட்டும் என்றேன்.

பேரம் கால்குலேட்டரில்தான் நடக்கும். பெரிய பட்டன் வைத்தது, மேஜை நடுவில் கிடக்கும். ஒரு கட்டுச் சரத்துக்கு நான் பதினெட்டு திர்ஹாம் என்று தட்டி அவர் பக்கம் தள்ளுவேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, அழித்துவிட்டு, ஏழு என்று தட்டித் தள்ளுவார்.

"உங்கம்மா உனக்குக் கணக்கு சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்ததாலதான் பதினெட்டு. இல்லாட்டி இருபத்தஞ்சு போட்டிருப்பேன்."

"நீ கட்டிக்கப்போறவ பாவம். முத்தத்துக்கும் பேரம் பேசுவே."

அப்புறம் கோபித்துக்கொண்டு வாசல் வரை போவார். எட்டாவது எட்டில் திரும்பி வருவார். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அவர் வாசலில் நிற்கிறபோது கூப்பிடாமல் இருப்பதுதான் வித்தை. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டில் முடியும். முடிந்ததும் கையை நீட்டி, "டாஷ் எங்கே?" என்பார். அவர்கள் ஊரில் பேரம் முடிந்தபின் மேலே ஒரு கை போட்டுத்தர வேண்டும், அதற்கு டாஷ் என்று பெயர். நம்மூர்க் கொசுறுதான். கறிவேப்பிலைக் கொத்துக்காகக் காய்கறிக்காரியோடு மல்லுக்கு நின்ற எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம். கிடங்கில் இடம் இல்லை என்று ஒரு பெட்டிப் பாசியை ஏசி தண்ணீர் சொட்டுகிற மூலையில் வைத்துவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மேலே பரணில் பூச்சுவேலையில் மிஞ்சிய சிமெண்ட் மூட்டை, அடிப்பக்கம் கிழிந்தது. தண்ணீரும் சிமெண்டும் சேர்ந்து பெட்டிக்குள் இறங்கிவிட்டன. பார்த்தபோது பாசி முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஹாஜியார் கண்ணில் பட்டால் தொலைந்தேன். கண்ணாடியை எப்படிக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொத்துக் கரண்டியையும் சாந்துப் பாண்டையும் எப்படிக் கழுவ வேண்டும் என்று தெரியும். ஒரு வாளி மணலை நனைத்து, பாசியை அதில் போட்டுக் கையால் தேய்தேய் என்று தேய்த்தேன். சிமெண்ட் போனது. கூடவே பளபளப்பும் போனது. சரம் சரமாகக் காயவைத்து, கடைக்குக் கொண்டுபோய் மேஜைக்குக் கீழே தள்ளித் துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் காலை ஹாஜியார் பேங்குக்குப் போயிருந்தார். ஷட்டரைத் தூக்கிச் சாம்பிராணி போடுகிறேன், அஜோவா அம்மா வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் போணி. காலை நீட்டியவர் கட்டைவிரலால் மேஜைக்குக் கீழே இருந்த துணியை விலக்கிவிட்டார்.

"அது என்ன?"

"அது நல்லா இல்லம்மா. மாஃபி, கிடையாது. வேற பாருங்க."

அதற்குள் ஒரு சரம் அவர் கையில். காதில் ஆட்டினார், நகத்தால் சுரண்டினார், பல்லில் வைத்தார். பிறகு கால்குலேட்டரை இழுத்து ஒன்பது என்று தட்டினார். கெட்டுப்போன சரக்கைப் போணிக்குக் கொடுத்தால் அன்றைய வியாபாரம் விளங்குமா? இன்றைக்கும் நான் அப்படிச் செய்ய மாட்டேன். முடியாது என்று கையை ஆட்டினேன். அவர் பன்னிரண்டு தட்டினார். "வேணாம்மா, கெட்டது" என்றேன். பதினைந்து. சரத்தைப் பிடுங்கப் பார்த்தேன். விடவில்லை.

"யாருக்கு ஒளிச்சு வச்சிருக்கே? அந்த லாகோஸ்காரிக்கா? அவளுக்குக் கொடுப்பே, எனக்குக் கொடுக்க மாட்டியா?"

சொல்லிக்கொண்டே இருபது என்று தட்டினார். நல்ல சரக்கையே நாங்கள் பன்னிரண்டுக்கு விற்ற கடை. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறந்த பேரம் அது. பேரம் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசியது.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் உள்ளே வந்தார். கால்குலேட்டரில் இருபதைப் பார்த்தார். "கிறுக்குப் பயலே, பன்னெண்டுக்குப் போற சரக்குக்கு இருபதா போடுறே? ஆளை வெரட்டவா ஒன்னைய வச்சிருக்கேன்?"

"நான் போடல மொதலாளி. அந்தம்மா போட்டது."

ஹாஜியார் அஜோவா அம்மாவைப் பார்த்தார், சரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "கட்டிக் குடு" என்றார். டாஷாக நாலு சரம் பளபளப் பாசி வாங்கிக்கொண்டுதான் அந்த அம்மா எழுந்தார். போகும்போது எனக்கு விளக்கினார்: "பளபளன்னு இருந்தா நேத்து வாங்கினதுன்னு சந்தையில சொல்லிருவாங்க. மங்கலா இருந்தா மாமியா பொட்டியிலேருந்து வந்ததுன்னு சொல்லிக்கலாம். அடுத்த தடவை இருபது பெட்டி வேணும். பளபளப்பு தெரிஞ்சுது, உன் மூஞ்சியில எறிவேன்."

இருபது பெட்டியைக் கையால் தேய்க்க முடியுமா? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. வெள்ளிக்கிழமை கேம்புக்குப் போனேன். அங்கே செல்லையா, முதுகுளத்தூர்க்காரன், சைட்டில் சாந்து கலக்கும் மிஷின் ஓட்டுகிறவன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏண்டா, ஜல்லி போடுற மிஷின்ல பாசியப் போட்டா, போர்மேன் என்னைய உள்ள போட்டு உருட்டுவான்டா."

"போர்மேன் இன்னைக்கு லீவுடா. யல்லா, எந்திரி."

முதல் தடவை மணலை அப்படியே அள்ளிப் போட்டுவிட்டோம். கால் மணி நேரம் கழித்துக் கவிழ்த்தால், வெளியே வந்தது கண்ணாடித் தூள். கோலம் போடலாம் என்றான் செல்லையா. இரண்டாவது தடவை மணலைச் சலித்து, பழைய கம்பளியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கூடப் போட்டு, தண்ணீர் விட்டு உருட்டினோம். கவிழ்த்தபோது சத்தமே வேறாக இருந்தது. பாசி மெத்தென்று கொட்டியது. நான் ஒரு பிடி அள்ளிக் காதருகே ஆட்டினேன். செல்லையா, "பைத்தியம் முத்திருச்சு" என்றான்.

ஆறு வெள்ளிக்கிழமையில் இருபது பெட்டி. அதற்கப்புறம் நைஜீரியாக்காரிகள், டோகோக்காரிகள், எல்லோரும் மங்கல் கேட்டு வந்தார்கள். ஒரு வருஷத்தில் ஊரில் பட்டறை பிடித்து அங்கேயே உருட்டி வரவழைத்தார் ஹாஜியார். சந்து முழுக்க அது 'ஹாஜியார் மாலு' ஆனது. ஒரு நாள் டீக்கடையில் பக்கத்துக் கடைக்காரர், "எப்படி ஹாஜியார் இது தோணுச்சு?" என்று கேட்டார். நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஹாஜியார் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எல்லாம் அல்லா குடுத்த புத்தி" என்றார். நான் டீயைக் குடித்து முடித்தேன். விசா அவரிடம் இருந்தது. நல்ல மனுஷர், அதையும் எழுத வேண்டும். என் கல்யாணத்துக்கு மூன்று மாதம் லீவு கொடுத்தார். நான் தனிக்கடை போடப் போகிறேன் என்றபோது மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். 'இது இவன் செஞ்சது' என்கிற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கடைசி வரை அவர் சொல்லவில்லை.

அந்தச் சந்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடையாது, யாரும் உட்கார்வதில்லை. அஜோவா அம்மா வருவது நின்று வெகுகாலம். வியாபாரத்தை அவர் மகள் பார்க்கிறாள். படம் அனுப்புகிறாள், 'லாஸ்ட் பிரைஸ் ப்ளீஸ்' என்று ஒரு வரி. நான் ஒரு விலை சொன்னால் ஒரு கட்டைவிரல் படம் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. யாரும் வாசல் வரை போய்த் திரும்புவதில்லை. என் அம்மாவை யாரும் இழுப்பதில்லை. போன வருஷம் அவளுக்குப் போன பெட்டியில், பழைய வழக்கத்தில், நாலு சரம் டாஷ் போட்டு வைத்தேன். 'நாலு சரம் தவறுதலாக அதிகம் வந்திருக்கிறது, திருப்பி அனுப்பவா?' என்று எழுதியிருந்தாள். ஒழுங்கான பெண். வைத்துக்கொள் என்று பதில் போட்டேன்.

தம்பி, சுவருக்கு நான் சொல்கிற வாசகம் இது. மங்கல் பாசியை முதலில் கண்டுகொண்டவர் கானா நாட்டு அஜோவா அம்மா. செய்து காட்டியவன் நான். என் பெயரை இனிஷியலோடு போடு. மிஷின் ஓட்டியவன் செல்லையா. ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர் உன் வாப்பா. வரிசை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று சொல்ல மாட்டேன். என் பெயர் உன் வாப்பா பெயருக்கு மேலே வர வேண்டும், அந்த அம்மா பெயர் எனக்கும் மேலே வரலாம், அது ஒன்றுக்கு மட்டும் சம்மதம். இடம் போதவில்லை என்று சொல்லாதே. படத்தைப் பார்த்தேன், அகலம் பதினான்கு அடி, உயரம் ஒன்பது. பூசினவனுக்குத் தெரியும், நாலு பெயர் தாராளமாகக் கொள்ளும்.