கோட்டைக்குக் கூட்டிப்போன தோழி

கணவரின் அடி தாங்காமல் பிரிந்து வந்து, திருவண்ணாமலையில் தனியாக இருக்கிறேன். என் வீடு தெரிந்த ஒரே ஆள் என் தோழிதான். போன மாதம், "செஞ்சிப் பக்கம் கோட்டை பார்த்துட்டு வரலாம், வாடி" என்று ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள்.

அந்தக் காலத்தில் கைதிகளை அடைத்து வைத்த கோபுரத்தில் ஏறினோம். மேலே என் கணவர் நின்றிருந்தார்!

"நான்தான் வரச் சொன்னேன். மனசு விட்டுப் பேசுங்க" என்று தோழி இறங்கிவிட்டாள்.

"வீட்டுக்குப் போலாம்" என்று அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நல்லவேளையாக ஒரு குடும்பம் மேலேறி வந்தது. கையை உதறிவிட்டு அவர்களோடு ஒட்டிக்கொண்டு இறங்கினேன்.

"உன் நல்லதுக்குத்தாண்டி செஞ்சேன்" என்றாள் தோழி. அவர் அடித்ததெல்லாம்கூட எனக்கு அப்படி வலித்ததில்லை. அவள் ஸ்கூட்டரில் ஏறாமல், பஸ் பிடித்துத் திரும்பினேன்.

உடனே வீடு மாறிவிட்டேன். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும், வேறு யார் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு, என் வண்டியில்தான் போகிறேன்.