சீலிங்கில் ஒரு வெட்டுக்கோடு

நீங்க சிரிச்சாலும் சரி. பேய், பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா "போங்கடி, வேலை கெடக்கு"ன்னு தையல் மெஷினை மிதிக்கிற ஆளு நான். இன்னைக்கு வரைக்கும் ஒரு தாயத்து கட்டுனதில்ல. ஆனா குத்தாலத்துப் பக்கம் குத்துக்கல்வலசையில நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுல நடந்ததை என் கண்ணால பாத்தேன், அதை இல்லன்னு சொல்ல மனசு வரல.

அது மாடி வீடு. எங்க வீட்டுக்காரர் சவுதியில இருக்காரு, நானும் மக ஆயிஷாவும் மட்டுந்தான். சாரல் சீசன் தொடங்குன மூணாம் நாளே அவ கட்டிலுக்கு நேர் மேல சீலிங் ஓதம் பிடிச்சுக் கறுத்துப்போச்சு. ஹவுஸ் ஓனர் அண்ணாச்சிக்குப் போன் போட்டா, "சீசன் முடியட்டும் தாயி, கொத்தனாரெல்லாம் குத்தாலத்துல நம்ம லாட்ஜ் வேலையில நிக்கான்"ங்காரு. அவரு லாட்ஜுல ஒழுகுனாத்தான் மழை, என் பிள்ளை தலையில ஒழுகுனா சாரலு.

வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கிற என் தம்பிதான் சொன்னான், "லாத்தா, வாயால கேட்டா சாட்சி நிக்காது. ரிப்பேர் பாத்துக் குடுக்க வேண்டியது ஓனரு பொறுப்பு. ஓதத்தைச் சுத்திக் கோடு போட்டு, தேதி எழுதி, வாரா வாரம் போட்டோ அனுப்பு. பெறகு நோட்டீஸ் விடுவோம்."

சரின்னு ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டூல்ல ஏறி, துணியில அளவு போடுத நீலச் சாக்பீஸால கோடு போட்டு, தேதி எழுதுனேன். சாயங்காலம் பாக்கேன், என் கோட்டுக்கு வெளிய ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு. அப்பவும் பயப்படல. துணியில தையல் கோட்டுக்கு வெளிய வெட்டுக்கோடு போடுதது எங்களுக்குப் பழக்கம், கை தன்னால போட்டிருக்கும்னு விட்டுட்டேன். தையக்காரி புத்தி அப்படித்தான் போகும்.

நம்புனா நம்புங்க, அடுத்த வெள்ளிக்கிழமை ஓதம் சரியா அந்த வெளிக்கோட்டுல வந்து நிக்கி. அதுக்கும் வெளிய புதுசா ஒரு கோடு, கட்டிலு மொத்தமும் அதுக்குள்ள அடங்குத மாதிரி. பக்கத்துல தேதி, வரப்போற வெள்ளிக்கிழமைத் தேதி. எழுத்து என் கையெழுத்து. ஆனா நான் எழுதல. ஸ்டூல் மேல நான் மடிச்சு வச்ச துணி வச்சபடியே இருந்துச்சு, யாரும் ஏறுன தடமே இல்ல.

அண்ணாச்சிக்குப் போட்டோ அனுப்புனேன், "சீசன் முடியட்டும்"னு பழைய பாட்டையே பாடுனாரு. கட்டிலை ஒத்தையா இழுத்து அடுத்த ரூம்ல போட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை காய்ச்சல்னு பள்ளிக்கூடம் போகாம அந்த அடுத்த ரூம்லயே தூங்குதா, நான் தச்சுக்கிட்டு இருக்கேன், தடால்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா, முன்ன கட்டில் கெடந்த எடத்துல காரை மொத்தமாப் பெயர்ந்து கெடக்கு, மேல கம்பி தெரியுது. பெயர்ந்த ஓரம் கத்திரி போட்டு வெட்டுன மாதிரி அந்தக் கோட்டோட நிக்கி. ஆயிஷாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் அழுதேன்னு தெரியாது.

அன்னைக்குத்தான் அண்ணாச்சி ஓடி வந்தாரு. வாயில வந்ததெல்லாம் பேசிட்டு, வீட்டைக் காலி பண்ணி வடகரைக்கு வந்துட்டேன். அவரு மேலோட்டமா ஒரு பூச்சு பூசி, வெள்ளையடிச்சு, ஒரு கைப்பிள்ளைக்காரிக்கு வாடகைக்கு விட்டுட்டாரு.

போன சாரல்ல அந்தப் பொண்ணு என் நம்பரைத் தேடிப் பிடிச்சுப் பேசுனா. "அக்கா, சீலிங்ல நீலக்கோடு எதுக்குப் போட்டீங்க? எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் தெரியுது."

"எங்கன வரைக்கும் இருக்கு?"

"நாலு சுவரோரமும் இருக்குக்கா."

அப்பமே ஆட்டோ பிடிச்சுப் போய், அவளையும் பிள்ளையையும் கிளப்பி, அவ அம்மா வீட்டுல விட்டுட்டுத்தான் வந்தேன். தம்பி நோட்டீஸ் விட்டுட்டான். வீடு இப்பம் பூட்டிக் கெடக்கு, இன்னும் விழல.

அந்த நீலச் சாக்பீஸை நான் என்னைக்கோ தூரப் போட்டாச்சு, இப்பம் வெள்ளைதான் வாங்குதேன். ஆனா சாரல் காலத்துல வெள்ளிக்கிழமை காலையில எந்திரிச்சா, என் விரல் நுனியெல்லாம் நீலமா இருக்கு.