அம்மாவிடம் சொல்லாத ஒத்திகை

கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் யாரும் கடிகாரம் பார்த்துச் சமைத்ததில்லை. அப்பா வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்குதான் அவர்களுக்குக் கடிகாரம். மராட்டிக்காரர்கள் அதைப் போங்கா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். காலைப் போங்காவுக்குள் அப்பாவின் டப்பா கட்டி முடிந்திருக்க வேண்டும், மதியப் போங்காவுக்கு உலை கொதிக்க வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக ஊதினால் ஷிப்ட் மாறுகிறது. விட்டு விட்டு ஊதினால் ஆபத்து. அப்படி ஊதினால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மைதானத்துக்கு ஓட வேண்டும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு முற்பகல், அது விட்டு விட்டு ஊதியது. எனக்குப் பதினொரு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து இரண்டு கால்களையும் வலது கையையும் கொண்டுபோயிருந்தது. நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நாலு வயதுத் தம்பி காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "இதோ வந்துர்றேன்டி" என்றாள். இரண்டடி வைத்தவள் திரும்பிப் போய் ஸ்டவ்வை அணைத்தாள். அதற்கு நேரம் இருந்தது.

அவள் தோளுக்கு மேலிருந்து தம்பி என்னையே பார்த்துக்கொண்டு போனான்.

அது வெறும் ஒத்திகை. தொழிற்சாலையில் முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம், அப்பா வீட்டில் சொல்ல மறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் அம்மா திரும்பி வந்து மறுபடி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு. நாலு நாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடம் வழக்கம்போல் பேசினாள். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்குள் அந்தக் கால் மணி நேரம் முடியவே இல்லை. அம்மா திரும்பி வந்து வாசலில் நுழைந்தபோது சங்கு நின்றுவிட்டிருந்ததா, இன்னும் ஊதிக்கொண்டிருந்ததா? நின்ற பிறகு வந்தாள் என்றால், ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். ஊதும்போதே வந்தாள் என்றால் எனக்காக வந்திருக்கிறாள். நினைவு ஒரு நாள் இப்படிச் சொல்லும், ஒரு நாள் அப்படிச் சொல்லும். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். தினமும் என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, தூக்கி உட்காரவைக்கிறவளிடம் அதை எப்படிக் கேட்பது? மற்ற விஷயத்தில் எனக்கு வாய் நீளம்தான், இந்த ஒன்றில் நாக்கு எழவில்லை. இருபது வருஷம் அவள் என்னைத் தூக்கக் குனியும்போதெல்லாம் அந்தத் தோளின்மேல் தம்பியின் முகம் எனக்குத் தெரிந்தது.

அப்பா ஓய்வுபெற்றதும் பக்கத்திலேயே போபோடியில் ஒரு தரைத்தள அறைக்கு வந்தோம். அவர் அங்கேயே காலமானார். தம்பி படித்து, பாணேரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, முதல் வேலையாக எனக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்று வாங்கித் தந்தான். இடது கைப்பிடியில் ஒரு குமிழ். அதை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கம் போகும். முப்பது வயதில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கினேன். அழுகிய கட்டு. அதற்காகக் காய்காரரிடம் தனியாகச் சண்டை போட்ட சந்தோஷத்தை இங்கே எழுதினால் முடியாது.

அடுத்த வருஷமே தம்பி கப்பல் டிக்கெட்டோடு வந்தான். மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல். "நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்க. எனக்கு சுட்டி கெடைக்காது" என்றான். லீவுக்கு அவன் வாயில் தமிழ் வார்த்தையும் வராது, இங்கிலீஷும் வராது, மராட்டிதான் வரும். கட்கிப் பிள்ளை.

என் நாற்காலியைக் கப்பலில் ஏற்றியது ஒரு தேர் இழுத்த கதை. துறைமுகத்தில் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது, ஆசிட் கொட்டுமா என்று மூன்று பேர் மாறி மாறி விசாரித்தார்கள். கப்பலுக்குப் போகும் சாய்பலகை அன்றைக்குப் பார்த்து மலையேற்றமாக நின்றது. நாலு ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, மோட்டார் முனக, அம்மா பக்கவாட்டில் நடந்துகொண்டே எல்லா சாமியையும் கூப்பிட்டாள். எங்கள் அறைக்கு மட்டும் அகலக் கதவு வைத்திருந்தார்கள். நடைபாதையில் விரித்திருந்த கம்பளம்தான் தொல்லை. சக்கரம் அதில் புதைந்து புதைந்து, அறைக்குள் போவதற்குள் சார்ஜ் பாதி தீர்ந்துவிட்டது.

அறையில் சீருடை போட்ட ஒரு அதிகாரி வந்து என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நாலு மணிக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். சங்கு ஊதும். எல்லோரும் மிதவைச் சட்டையோடு மேல் தளத்துக்குப் போவார்கள். அப்போது லிப்ட் ஓடாது. நீங்கள் அறையிலேயே இருங்கள், அறைப் பணியாளர் வந்து பார்ப்பார், உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

அவர் போனதும், "இன்னா சொன்னான்?" என்றாள் அம்மா. அவளுக்கு மராட்டி தெரியும், இந்தி தெரியும், ஆங்கிலம் தெரியாது.

"இங்கயே சார்ஜ் போட்டுக்கலாமாம்" என்றேன்.

முதலில் அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் நாலு மணி வரை எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து முறுக்கை உடைத்து என் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மென்று விழுங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். அப்போதும் சொல்லாமல் இருந்தது தெரிந்தே செய்த காரியம்தான்.

கப்பல் சங்கு விட்டு விட்டு ஊதியது.

அம்மாவின் கை பாதியில் நின்றது. போங்காவைக் கேட்டு வாழ்ந்தவளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்தாள். வெளியே ஜனங்கள் ஆரஞ்சுச் சட்டையோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு போனது அவள் கண்ணில் படவில்லை. "யாராவது வாங்களேன்! கோயி ஆவோ! என் பொண்ணத் தூக்கணும்!" என்று கத்தினாள். ஒருவரும் நிற்கவில்லை. ஓடி வந்து சார்ஜரைப் பிடுங்கினாள். நான் குமிழைத் தொடவில்லை. என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், நான் முழு ஆள். இரண்டு தடவை முயன்றாள், இரண்டு தடவையும் நான் திரும்ப நாற்காலியில் விழுந்தேன். அலமாரியிலிருந்து மிதவைச் சட்டையை எடுத்து எனக்கு மாட்டினாள். தனக்கானதையும் எடுத்து அதையும் என் மேலேயே கட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து என் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"நான் எங்கயும் போவல. இங்கதான் கீறேன். பயப்படாத" என்றாள். முகத்தை என் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் அவள் தலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அந்தப் பதினொரு வயதுக்காரி அம்மாவைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

சங்கு நின்றது. அறைப் பணியாளர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, தரையில் இருந்த அம்மாவைப் பார்த்துப் பதறிப்போனார். "மாஜி, டரியே மத். யே தோ பிராக்டிஸ் ஹை. மேடம்கோ பெஹ்லே ஹி பதாயா தா."

பயப்படாதீர்கள், இது ஒத்திகை, மேடத்திடம் முன்னாடியே சொல்லியிருந்தோமே. அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் போகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து, என் மேலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"பாத்துட்டியா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இப்பவாவது ஆறுச்சா ஒனக்கு?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் குனிந்து குனிந்து என்னைத் தூக்கியிருக்கிறாள். கட்கிச் சங்கைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கேட்க எனக்கு முகம் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கப்பலில் இருந்தோம். மேல் தளத்துக்குப் போய்க் கடல் பார்த்தோம், கோவாவில் தூரத்திலிருந்து கரை பார்த்தோம், தம்பிக்குக் காட்டப் போட்டோ எடுத்துக்கொண்டோம். அம்மா என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். குளியலறைக்குப் போகும்போது மட்டும் கதவைச் சாத்தவில்லை. உள்ளே போனதும், "இங்கதான் கீறேன்" என்று ஒரு குரல் கொடுப்பாள். நான் சுவர்ப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அவள் வெளியே வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.