பனி நிற்க வேண்டிய இடம்

நாடகக் குழுவில் அவருக்குப் பெயர் பனிக்காரர். மேடைக்கு மேலே, விளக்குகளுக்கும் பின்னால், குனிந்தபடியே போக வேண்டிய ஒரு மரப்பாலம் உண்டு. அதில் உட்கார்ந்து கயிற்றை ஆட்டினால், ஓட்டை போட்ட நீளமான துணிப்பையிலிருந்து வெள்ளைக் காகிதத் துணுக்குகள் கீழே உதிரும். மழை, இடி, பறவைச் சத்தம் எல்லாமும் அவர் தலையில்தான். ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். கேட்டால், உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

உண்மை அதுவல்ல. உடைகள் தைக்கும் தையல்காரம்மா மேல் அவருக்குப் பல வருஷமாக உயிர். அந்தம்மா புருஷனை இழந்தவர். வேலைக்கு நடுவில் அண்ணாந்து பார்த்து, "சாப்டாச்சா?" என்று கேட்பார். இவர் "ஆச்சு" என்பார். அந்த ஒரு கேள்விக்காகவே வேலையில்லாத நாளிலும் அரங்குக்கு வந்துவிடுவார். "ஆச்சு"க்கு மேல் ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்த முறை ஒரு பழைய ருஷ்யக் கதையை நாடகமாகப் போட்டார்கள். சின்ன ஊரில் ஒரு தபால் குமாஸ்தா. அவன் வீட்டில் குளிர்காலம் முழுக்கக் குடியிருந்த சங்கீத டீச்சர் ஊரைவிட்டுப் போகிறாள். வாசலில் குதிரைவண்டி நிற்கிறது. அவன் சொல்ல வேண்டியது "போகாதே" என்ற ஒரே சொல். அதைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறான்.

இயக்குநர் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார். காதல் என்ற வார்த்தையே இந்தக் கதையில் கிடையாது, எழுதியவர் அந்த வேலையைப் பனியிடம் விட்டுவிட்டார் என்றார். பனி கொட்டிக்கொண்டிருக்கும்வரை, பாதை சரியில்லை, நாளைக்குப் போகலாம் என்று அவனால் சொல்ல முடியும். பனி நின்றதும் பேச்சும் தீர்ந்தது. மேஜைமேல் அவள் விட்டுப்போகும் கையுறையும் அப்படித்தான். அது மறதியில்லை, அவன் பின்னால் ஓடிவர அவளே கொடுத்த சாக்கு. அவனோ அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறான். இதில் எதை உருவினாலும் மொத்தமும் சரிந்துவிடும் என்று முடித்தார். நடிகர்கள் கொட்டாவி விட்டார்கள். பனிக்காரர் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அந்தக் கையுறையைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா தலை நிமிரவில்லை.

கடைசி ஆட்டம் ஒரு பகல் ஆட்டம். அது முடிந்ததும் தையல்காரம்மா வேலையை விட்டுவிட்டு வெளியூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். மருமகன் வண்டியோடு வாசலில் காத்திருந்தார். அந்தம்மா பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, திரை ஓரம் நின்று ஆட்டத்தைப் பார்த்தார்.

பனி நிற்க வேண்டிய இடம் வந்தது. பனிக்காரரின் கை நிற்கவில்லை. டீச்சராக நடித்தவள் கதவைத் திறக்கத் தயங்கினாள். குமாஸ்தா சொன்ன வசனத்தையே திரும்பச் சொன்னான். ஓரத்தில் இயக்குநர் பல்லைக் கடித்தபடி கையைக் காட்டினார். மனுஷர் பை காலியாகும்வரை ஆட்டித் தீர்த்தார்.

திரை விழுந்ததும் இயக்குநரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வரும்போது தையல்காரம்மா எதிரே நின்றார்.

"பனி ஏன் நிக்கவே இல்ல?"

"பை கிழிஞ்சு போச்சுங்க."

"குடுங்க, தச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. அந்தம்மா அதைக் காதில் வாங்காமல் பெட்டிமேல் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். துணியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவிப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் அவரே வெட்டி ஓரம் தைத்தவை. ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

"கிழிசல் எதையும் காணோமே," என்று சொல்லிவிட்டு, பனிக்காரர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

இதைவிட நல்ல நேரம் ஒரு மனுஷனுக்கு வாய்க்காது. பாவி மனுஷர் வாயைத் திறந்து சொன்னது இதைத்தான்:

"வெளில குளிரா இருக்கும். சால்வையைப் போத்திக்கிட்டுப் போங்க."

அந்தம்மா சரி என்றார். பையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பனிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். இனி யாரும் அண்ணாந்து பார்த்து எதுவும் கேட்கப்போவதில்லை. பையை மார்போடு அணைத்தார். விரலில் சுருக்கென்று குத்தியது. மடிப்புக்குள் ஊசி இருந்தது, கோத்த நூலோடு. இத்தனை வருஷத்தில் ஒரு குண்டூசியைக்கூட எங்கேயும் விட்டுவிட்டுப் போகாதவர் அந்தம்மா.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்தான் கதை நன்றாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். கதை கெட்டால் கெடட்டும் என்று, தலையில் ஒட்டிய காகிதப் பனியோடு வாசலைப் பார்த்து ஓடினார்.