ஆறிப்போன டீ

கொருக்குப்பேட்டையில் நாங்கள் வாங்க நினைத்த வீடு, கூட்ஸ் வண்டி போகும் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. இத்தனை வருடச் சம்பாத்தியமும் அதில் போகப்போகிறது. சுவர் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஓர் இன்ஜினியரை அழைத்துப் போனேன். மையடித்த மீசை, முன்னால் நடக்கும் தொப்பை, டீ என்றால் உயிர். தெருமுனைக் கடையிலேயே என் கணக்கில் இரண்டு குடித்துவிட்டார்.

வீட்டை விற்கும் அம்மா, டீயோடு வந்தார். "ஒங்க பீச நானே குட்த்துட்றேன் சார். நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க."

"வோணாம்மா. வாங்கப்போறது அவரு, துட்டும் அவரே குடுக்கட்டும். உன் துட்ட வாங்கிகினா வெடிப்புகூட எனக்குக் கோலமாத்தான் தெரியும்."

"டீயாவது குடிங்க."

"அதுவும் அப்பால."

டீயை ஏக்கமாக ஒரு பார்வை பார்த்தவர், சுவரில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடி நின்றார். கூட்ஸ் வண்டி வந்தது. அடுக்களையில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. கடைசிப் பெட்டி போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. நானும் அந்த அம்மாவும் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சொவுரு கெட்டியா கீது. மாடி மட்டும் ஒழுவும், மழைக்கு முன்னால பூசிக்க. தைரியமா வாங்கு நைனா."

என்னிடம் பீசை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இப்பக் குடும்மா அந்த டீய" என்றார். ஆறி, ஆடை படிந்திருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்று அந்த அம்மா சொல்லியும் கேட்காமல் ஒரே மடக்கில் குடித்தார்.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் என் கையும் சுவருக்குப் போகிறது; சுவர் அப்படியே நிற்கிறது. ஆறிப்போன அந்த டீ மட்டும் அவருக்கு எப்படி அவ்வளவு ருசித்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.